கெடு தாண்டவைத்த காதுகுத்து

கொழும்பிலிருந்து திருவனந்தபுரம் போய் மருமகளையும் பேத்தியையும் கூட்டிவர எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. "தாராளம்" என்று துறைமுகத்தில் என் மகன் சிவதாணுவிடம் சொன்னேன். அவன் என் பெட்டியைக் கூலியாளிடம் கொடுத்தான். பிறகு, "கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துடுங்கப்பா" என்றான். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இவன் நாள் எண்ணிக் காட்டுகிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கெடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிலோனில் இப்போது புதுச் சட்டம். இந்தியாவிலிருந்து வந்தவன் அங்கேயே நிலைத்து வாழ விரும்பினால் தன் பெண்டாட்டி பிள்ளையும் விட்டுப் பிரியாமல் அங்கேயே வாழ்வதாகக் காட்டவேண்டும். மனைவி ஊருக்குப் போனால் ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பி வரலாம் என்று முத்திரை குத்திய சீட்டோடு என் மருமகள் பகவதி ஏழாம் மாதத்தில் பேறுகாலத்துக்குத் திருவனந்தபுரத்தில் தாய்வீட்டுக்குப் போனாள். பிள்ளை பிறந்து, தலை நிற்கட்டும், தவழட்டும் என்று காலம் ஓடிவிட்டது. ஏழாம் மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். சட்டமும் எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். வருகிறவர்களிடம் எல்லாம், "ஒரு நாள் தாண்டினாலும் தாண்டியதுதான்" என்று பிரம்பில்லாத வாத்தியாராக மிரட்டி அனுப்புவேன்.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஒரு ஜட்கா பிடித்தேன். பழவங்காடி கணபதி கோயில் முன்னால் வந்ததும் வண்டியின் ஒரு சக்கரம் கழன்று தனியாக ஓடியது. நான் பெட்டியோடு சரிந்து தெருவில் உட்கார்ந்தேன். அங்கே யாரோ நேர்ச்சைக்கு வரிசையாகத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சில்லு பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் மோதியது. வண்டிக்காரன் சக்கரத்தைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தவன், என்னைத் தூக்கிவிடாமல் மலையாளத்தில், "சாருக்குக் கணபதியே நேரில் அனுக்கிரகம் பண்ணிவிட்டார். போகிற காரியம் ஜெயம்" என்றான். கூலியில் ஒரு சல்லிகூடக் குறைக்கவில்லை.

என் சம்பந்தி ஆறுமுகம் பிள்ளைக்குச் சாலை என்று பெயருள்ள கடைவீதியில் வத்தல், மல்லி வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. கொழும்பில் மிளகாய்க் கடைகள் நிறைந்த பேட்டைத் தெருக்களில் எனக்குத் தும்மல் வந்ததே இல்லை. இங்கே வாசலில் கால் வைத்ததும் தொடர்ந்து தும்மினேன். "பாத்தியளா, வத்தல் ஆளு பாத்துதான் ஏறும். அண்ணாச்சி புதுசுல்லா" என்று அவர் கடைக்குள்ளிருந்தே சிரித்தார். நான் மூத்தவன் என்பதால் அவர் என்னை அண்ணாச்சி என்பார்.

ரேஷன் அரிசி எங்கும் போல இங்கும் தட்டுப்பாடுதான். கொழும்பில் நாங்கள் பாண் என்கிற ரொட்டியைத் தின்று காலம் தள்ளுகிறோம் என்றால் இவர்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்று தள்ளுகிறார்கள். ஆனால் எனக்கு முதல் நாளே இலை நிறையச் சோறு விழுந்தது. பிறகு போளி, அதன்மேல் பால்பாயசம். போளியைப் பாயசத்தில் பிசைந்து தின்பதை நான் இந்த ஊரில்தான் பார்த்தேன். இந்தச் சோற்றுக்காக வீட்டில் யார் யார் கிழங்கைத் தின்றார்கள் என்று நான் கேட்கவில்லை.

பேத்தி வள்ளிக்கு ஒன்பதாம் மாதம். என் கண்ணாடியைப் பிடுங்குவதில்தான் அவளுக்குச் சந்தோஷம். பகவதி பெட்டியைக் கட்டி, கயிறு போட்டு, கூடத்து மூலையில் வைத்திருந்தாள். நான் குடித்த காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே, "எப்பம் கெளம்பணும் மாமா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். "ஒத்தப்பட மாசம் அண்ணாச்சி. காதக் குத்தி அனுப்பிருவோம். அடுத்த வெள்ளி நல்ல முகூர்த்தம். கெடுவுக்கு இன்னும் எத்தறையோ நாள் கெடக்கே."

"காது அங்க போயிக் குத்திக்கிடலாம் மாமா" என்றாள் பகவதி.

"அங்க மாமன் மடி உண்டா?" என்றார் அவள் அப்பா. "மாமன் மடியில இருத்தாம காது குத்துவாவளா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

மாமன் என்பது பகவதியின் தம்பி நீலகண்டன். பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்கு. பகவதி என்னையே பார்த்தாள். நான் சொன்னேன்: "நான் இருக்கேனேம்மா. சட்டம் எனக்குத் தெரியாதா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். கொழும்பில் நான் ஒரு ஓய்வு பெற்ற மாஸ்டர். கல்யாண வீட்டில் மூன்றாவது வரிசையில் உட்காருவேன். இங்கே நான் மாப்பிள்ளையின் அப்பா. கோட்டைக்குள் போனாலும் கடைத்தெருவில் நடந்தாலும் "பகவதிக்க மாமனாரு, சிலோன் சாரு" என்று எழுந்து நின்றார்கள். காதுகுத்தில் எனக்குப் பட்டு வேட்டியும் மாலையும் உண்டு என்று சம்பந்தி காதில் போட்டுவைத்திருந்தார். அந்த மாலையை நான் விரும்பினேன். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அடுத்து வந்த நாட்களைச் சுகமாகவே கழித்தேன். ஒரு நாள் விழிஞ்ஞத்துக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். கொழும்புத் துறைமுகத்தின் இரைச்சல் எதுவும் இல்லாமல் கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. திரும்பும்போது பஸ்ஸில் மீன்கூடையோடு ஒரு பெண் என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்டக்டர் அவளை எழுப்பி, "அது சீட்டு இல்லை, மனுஷன்" என்று மலையாளத்தில் அதட்டியதும் பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நாள் நிறைய இருந்தது.

வெள்ளிக்கிழமை நீலகண்டன் வரவில்லை. எஸ்டேட் லாரிக்காரன் மூலம் சொல்லியனுப்பியிருந்தான்: சம்பள வாரம், துரை லீவு தரவில்லை. வந்த உறவினர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சம்பந்தி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அடுத்த முகூர்த்தம் கெடுவுக்குச் சில நாட்கள் முன்னால் விழுந்தது.

"போவோம் மாமா" என்றாள் பகவதி. "கொழும்புல அவியளுக்கு இன்னும் பிள்ளையைப் பாக்கக் கொடுத்து வைக்கல்ல. காது எங்க ஓடிப் போகுது?"

"நானே போய் உன் தம்பியைக் கூட்டிவாறேன்" என்று கிளம்பினேன்.

மலையடிவாரத்து விதுர வரைக்கும் பஸ். அதற்கு மேல் எஸ்டேட் லாரியில், உர மூட்டைகளின் மேல். ஐப்பசி மழை, இவர்கள் துலாவர்ஷம் என்பார்கள். காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டிரைவர் முருகா, முருகா என்று கூப்பிட்டார். அவர் கிறிஸ்தவர் என்று பிறகு தெரிந்தது. கேட்டதற்கு, "கீழே ஓடும்போது எங்கள் ஆள். மேலே ஏறும்போது மலைக்காரன்தான் உதவுவான்" என்றார்.

துரையிடம் என் இங்கிலீஷையெல்லாம் செலவழித்து மூன்று நாள் லீவு வாங்கினேன். அன்று பிற்பகல் மழை வந்தது. மறுநாள் காலையில், கீழே மண் சரிந்து பாதை மூடிவிட்டது என்றார்கள். தோட்டத்து ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போனார்கள். அவர்கள் அள்ளிய மண்ணை மாலை மழை திரும்பக் கொண்டுவந்து போட்டது.

லயம் என்கிற தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் நீலகண்டனின் அறைக்கு அடுத்த அறையில் மாடசாமி என்று ஒருவர் இருந்தார். சிலோனில் பதுளைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் கொழும்பு என்றதும் வந்து உட்கார்ந்துகொண்டார். "அங்க டிராம் இன்னும் ஓடுதுங்களா? ஒரே ஒரு தடவை ஏறியிருக்கேன். காசு குடுத்துட்டு எறங்கவே மனசு வரல்ல." அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கு வந்தவராம். அம்மா உடனே சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. அவர் திரும்ப நினைத்தபோது காலம் கடந்துவிட்டது. பெண்டாட்டியும் மூத்த பையனும் அங்கே இருக்கிறார்கள்.

"மனுப் போட்டீரா?" என்றேன்.

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றவர், "வாத்தியாரையா எதுக்கு இங்க வந்து மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

பேத்திக்குக் காதுகுத்து என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய் எனக்கு ஒரு லோட்டாவில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அன்று முதல்முறையாக நான் விரல்விட்டு நாள் எண்ணினேன்.

பாதை திறந்து நானும் நீலகண்டனும் சாலைக் கடைவீதி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குறித்த முகூர்த்தம் போய்விட்டிருந்தது. கெடு போகவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கெடு போகவில்லை. கப்பல் துறைக்குப் போகும் அன்று மாலை ரயில் வண்டிக்கு நேரம் இருந்தது. பகவதி தலை சீவி, பிள்ளைக்குச் சட்டை போட்டு, கட்டிய பெட்டியின் பக்கத்தில் நின்றாள்.

சம்பந்தி தம்மை அறியாமல் ஒரு தடவை பெட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நாளைக் காலம்பற ஒரு சின்ன முகூர்த்தம் உண்டு. மாமனும் வந்தாச்சு. தட்டான் அடுத்த தெருதான். குத்தி முடிச்சு மத்தியான வண்டியில ஏறிருங்க. எதுக்கும் அண்ணாச்சி சொல்லுகதுதான்" என்றார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அடுத்த கப்பலும் கெடுவுக்குள்தான் புறப்படும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கப்பல் ஏஜெண்டின் கடை பழவங்காடியில், நடந்துபோகும் தூரம். போய்க் கேட்டிருக்கலாம். மலையிலிருந்து வந்த அலுப்பு. "நாளைக்கே போகலாம்" என்றேன்.

பகவதி குழந்தையின் சட்டையைக் கழற்றினாள்.

காதுகுத்து நன்றாக நடந்தது. எனக்கு மாலை போட்டார்கள். நீலகண்டன் மடியில் வள்ளி வாழைப்பழத்தை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டான் "அம்மு, அங்க நோக்கு, காக்கா" என்று சொல்லி அவள் திரும்புவதற்குள் தங்கக் கம்பியை ஏற்றிவிட்டான். பிள்ளை மூச்சு நின்றுபோகிற மாதிரி அழுதது. எல்லோரும் சிரித்தார்கள்.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஏஜெண்டின் கடைக்குப் போனேன். அவர் பகவதியின் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "சாரே, நேற்று வண்டிக்குப் போயிருந்தால் இன்றைக் கப்பல். இனி அடுத்தது கெடு கழிந்து இரண்டாம் நாள். உங்களுக்கு டிக்கெட் தரலாம். இவர்களுக்குத் தந்தால் அந்தக் கரையில் இறக்கமாட்டார்கள்; என் லைசென்சும் போகும்."

"இரண்டு நாள்தானே" என்றேன். அதே வார்த்தையைச் சொல்லி எத்தனை பேர் என்முன் நின்றிருக்கிறார்கள்! நான் அவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

கோட்டை வாசல் பக்கம் ஒரு வக்கீலிடம் சம்பந்தி கூட்டிப்போனார். வக்கீலின் தகப்பனாருக்குத் தஞ்சாவூர், இவர் பிறந்தது இங்கே. தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும். "வழி உண்டு" என்று ஆரம்பித்தார். சம்பந்தி முகம் மலர்ந்தது. "உண்டு எண்ணு சொல்றது வக்கீல் பாஷை. முழுக்கக் கேளுங்கோ."

முதலாவது, சிவதாணு சிலோன் பிரஜையாகப் பதிவு செய்துகொள்வது. அதற்கு மனைவி விட்டுப் பிரியாமல் அங்கே இருந்திருக்கவேண்டும். அது முறிந்துவிட்டது. இரண்டாவது, பகவதிக்குத் தற்காலிக வாச அனுமதி. இங்கிருந்து மனுப் போட்டு, சென்னை வழியாகப் போய், சிலோனில் தீர்மானம் ஆகி வரவேண்டும். எப்போது வரும், வருமா என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாவது, பார்வையாளராகப் போய்ச் சில வாரம் தங்குவது. "ஆனா திரும்பிப் போவேன் எண்ணு கையெழுத்துப் போடணும். பெண்டாட்டியே விருந்தாளியா வந்துட்டுப் போனா, என் குடும்பம் இங்கதான் எண்ணு உங்க மகன் எந்த வாயால சொல்லுவார்?"

"நாலாவது?" என்றார் சம்பந்தி.

"மாப்பிள்ளை வேலையை விட்டுட்டு இங்க வர்றது. அதுக்கு வக்கீல் வேண்டாம்."

இங்கே என்ன வேலை இருக்கிறது? பி.ஏ. படித்த பையன்கள் சாலைக் கடைகளில் கணக்கெழுத இடம் கேட்டு அலைகிறார்கள். அங்கே சிவதாணுவின் சம்பளத்தில்தான் அவனும் நானும் சாப்பிடுகிறோம், பகவதிக்கும் பணம் வருகிறது.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "குழந்தைக்குச் சுகமில்லாம இருந்து யாத்திரை செய்ய முடியல எண்ணு ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா கொள்ளாம், நல்லது. கெடுவுக்கு முன் தேதியா இருக்கணும்."

குழந்தை அன்றுவரை கொழுகொழுவென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் காதில் சீழ் பிடித்தது. மழை ஈரம், ஊசி, என்னவோ. இரண்டு மடலும் வீங்கி, காய்ச்சல் அனலாக அடித்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் கம்பிகளைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "நாலு நாள் ஆபத்துதான்" என்றார். பகவதி நான்கு நாளும் பிள்ளையைக் கீழே விடவில்லை.

நான் வக்கீலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பரிதாபமாக, "சே! இதே காய்ச்சல் பத்து நாள் முன்னாடி வந்திருந்தா..." என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு அவர் வீட்டுப் படியேறினேன். பேத்தி ஆஸ்பத்திரியில் கிடக்க, இந்தக் காய்ச்சல் முன்னாலேயே வரக்கூடாதா என்று ஒரு கிழவன் மனசு ஏங்கியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சிவதாணுவுக்குத் தந்தி கொடுத்தேன்: நாள் தப்பியது, தவறு என்னுடையது, குழந்தைக்குக் காய்ச்சல். மறுநாள் பதில் வந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே, "நீங்கள் வாருங்கள்" என்று மட்டும் இருந்தது.

காய்ச்சல் இறங்கியது. வள்ளி மறுபடியும் என் கண்ணாடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். பகவதியின் மனுவை நானே எழுதினேன். எத்தனையோ பேருக்கு எழுதிய அதே வாசகங்கள். "மாட்சிமை தங்கிய" என்று தொடங்கிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். மாடசாமி போட்டுக்கொண்டேயிருக்கும் மனுக்களின் ஞாபகம் வந்தது.

நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று பகவதியிடம் சொல்லிப்பார்த்தேன். சிலோனில் எனக்கு இருக்கிற உரிமையும் போகட்டும், அதுதான் எனக்குத் தகும் என்றேன்.

அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "நீங்களும் இங்க இருந்தா அவிய அங்க ஒத்தையில இருக்கணுமா மாமா? உங்களுக்கு மனசு ஆறும், அவியளுக்கு? போங்க. போயி, நடந்தத உள்ளபடி சொல்லுங்க. எழுதாதிய, நேர்ல சொல்லுங்க."

புறப்படுகிற அன்று காலையில் சம்பந்தி பழவங்காடிக்குப் போய் எனக்காகத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். "தப்பு எனக்கதுதான் அண்ணாச்சி" என்று ஒருமுறை சொன்னார். இல்லை என்று சொன்னேன். என்னிடம் கேட்டுத்தான் அவர் செய்தார்.

பகவதி ஸ்டேஷனுக்கு வந்தாள். சிவதாணுவுக்கு ஏத்தன் வாழைக்காய் வறுவல் ஒரு டின்னில் போட்டுத் தந்தாள். கயிறு போட்டு வைத்த அந்தப் பெட்டியை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை என்று வரும் வழியில் நீலகண்டன் சொன்னான்.

வண்டியில் ஏறுமுன் குழந்தையை வாங்கி முத்தமிட்டேன். காதைப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது. துளை தூர்ந்து, இரண்டு மடலிலும் கடுகளவு தழும்பு மட்டும் இருந்தது. எதற்காகக் காத்திருந்தோமோ அது அங்கே இல்லை.

என் பார்வை போன இடத்தைப் பகவதி பார்த்துவிட்டாள். பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பால் அதன் காதை மூடினாள்.

"இனிக் குத்தணும்னா அவளுக்க அப்பா வந்த பொறகு குத்துவோம் மாமா" என்றாள்.

வண்டி நகர்ந்தது. வறுவல் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மகனிடம் சொல்லவேண்டியதை முதலிலிருந்து எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.